கிறிஸ்தவப் பல்கலைக்கழகமும் தொழில்முனைவுக் கல்வியும்: தீர்த்தமலையிலிருந்து ஒரு நோக்கு

தொழில்முனைவு, புத்தாக்கம் என்னும் இரு சொற்கள் அண்மை ஆண்டுகளில் நம் கிறிஸ்தவக் கல்லூரிகளின் பாடத்திட்டங்களில் உறுதியாக இடம்பெற்றுவிட்டன. வணிகவியல், மேலாண்மை ஆகிய துறைகளில் மட்டுமன்றிப் பொறியியல், வேளாண்மைத் துறைகளிலும் இவை கற்பிக்கப்படுகின்றன. தமிழக அரசு தொழில்முனைவோர் மேம்பாட்டுக்கென்று ஒரு நிறுவனத்தை 2001 முதல் நடத்தி வருகின்றது. ஒன்றிய அரசின் அப்போதைய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் 2018-இல் புத்தாக்கப் பிரிவு ஒன்றை நிறுவி, கல்லூரிதோறும் இம்முயற்சியை ஊக்குவிக்கத் தொடங்கியது. எல்லாரும் கற்பிக்கும் ஒரு பாடத்தைக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகமும் கற்பிப்பதில் வியப்பில்லை. ஆயினும், கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இப்பாடம் எவ்வகையில் வேறுபட வேண்டும் என்னும் வினாவை நாம் இன்னும் முறையாக எழுப்பவில்லை என்றே தோன்றுகின்றது. வகுப்பின் தொடக்கத்தில் ஒரு ஜெபம், பாடநூலின் முன்னுரையில் தாலந்து உவமை, இவ்விரண்டையும் சேர்த்துவிட்டால் மட்டும் ஒரு பாடம் கிறிஸ்தவப் பாடம் ஆகிவிடாது.

இவ்வினாவைக் கல்லூரி வளாகத்திலிருந்து கேட்பதைவிட, அக்கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பிவைக்கும் ஓர் ஊரிலிருந்து கேட்பதே பயனுடையது. தருமபுரி மாவட்டம், அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலையை எடுத்துக்கொள்வோம். மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயிலும், பாறையினின்று சொரியும் தீர்த்தங்களும் உள்ளன. அருணகிரிநாதர் பாடிய தலம் இது. மலையடியில் பூசைப் பொருள் விற்போரும் சிற்றுண்டிக் கடை வைத்திருப்போரும் யாத்திரிகரை நம்பி வாழ்கின்றனர். அரூர் வட்டாரத்தின் ஏனைய மக்கள் பெரும்பாலும் மண்ணை நம்பியவர்கள். சாமை, கேழ்வரகு, மரவள்ளி, மஞ்சள், புளி ஆகியவை இம்மண்ணின் விளைபொருள்கள். மழை பொய்த்தால் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறுவது இம்மாவட்டத்து உழைக்கும் மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. இவ்வூரிலிருந்து ஒரு குடும்பம் கல்விக்கடன் பெற்று, போதாததற்கு நகையையும் அடகு வைத்து, தன் மகளைத் தொலைவிலுள்ள ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவு படிக்க அனுப்புகின்றது என்று வைத்துக்கொள்வோம். அவள் அங்கே கற்பது எது? கற்றுத் திரும்பும்போது தீர்த்தமலைக்கு அது எவ்வாறு பொருள்படும்? திரும்பாமலே போனால் அதைப்பற்றிப் பல்கலைக்கழகத்திற்குக் கவலை உண்டா?

சொற்களின் பொருள்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆஸ்திரியப் பொருளியலறிஞர் யோசப் சும்பீட்டர் 1911-இல் வெளியிட்ட பொருளாதார வளர்ச்சி பற்றிய நூலில், தொழில்முனைவோரின் பணி புதிய இணைப்புகளை உண்டாக்குவதே என்று விளக்கினார். புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருளுக்குப் புதிய ஊற்று, தொழிலின் புதிய அமைப்பு ஆகிய ஐந்தையும் அவர் குறிப்பிட்டார். அரூர்ப் புளியைக் கொண்டே இதனை விளக்கலாம். புளியம்பழத்தை ஓடும் கொட்டையும் நாரும் நீக்கி விற்பது பழைய தொழில். கொட்டையை அரைத்து நெசவாலைக்குப் பசை மாவாகத் தருவது வேறொரு பொருள். இடைத்தரகரை விடுத்துப் பெருநகரத்து உணவு நிறுவனத்துக்கு நேரே அனுப்புவது புதிய சந்தை. புளி தட்டும் பெண்கள் கூலிக்காரராய் இராமல் சங்கமாகக் கூடித் தாமே உரிமையாளராவது புதிய அமைப்பு. நம் பாடநூல்கள் முதல் நான்கையும் விரிவாகப் பேசுகின்றன. ஐந்தாவதைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிடுகின்றன.

சும்பீட்டரின் கருத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. தொழில்முனைவோர் வேறு, முதல் இடுவோர் வேறு என்று அவர் பிரித்தார். முயற்சி தோற்றால் இழப்பைச் சுமப்பவர் கடன் கொடுத்தவரே. முனைவோர் முனைவோர் என்ற முறையில் அதனைச் சுமப்பதில்லை. கோட்பாடு என்னும் அளவில் இது சரியாக இருக்கலாம். தீர்த்தமலையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே கடன் கொடுத்தவரிடம் நகை இருக்கின்றது, நிலப்பத்திரம் இருக்கின்றது, தந்தையின் கையொப்பம் இருக்கின்றது. முயற்சி தோற்றால் இழப்பது முனைந்தவளும் அவள் வீட்டாருமே. “துணிந்து தோல்வியுறுங்கள், தோல்வியே ஆசான்” என்னும் அறிவுரை வகுப்பறையில் கவர்ச்சியாக ஒலிக்கும். தோல்விக்கு விலை கொடுக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே அவ்வறிவுரை பொருந்தும் என்பதைச் சொல்லும் பேராசிரியர் அரியர்.

இக்கல்வியின் வேரில் நம் சபை மரபின் சாயலும் உண்டு என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். மாக்ஸ் வேபர் 1904-05-இல் எழுதிய கட்டுரைகளில் சீர்திருத்தச் சபையினரின் வாழ்வொழுங்குக்கும் முதலாளித்துவ மனப்பாங்குக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் மெக்லெலண்டு அதனின்று தூண்டுதல் பெற்று, சாதிக்கும் ஊக்கமே வளர்ச்சியின் திறவுகோல் என்று 1961-இல் ஒரு நூல் எழுதினார். அவ்வூக்கத்தைப் பயிற்சியால் ஊட்ட முடியுமா என்று சோதிக்க அவர் தேர்ந்தெடுத்த ஊர்களுள் ஒன்று ஆந்திரத்துக் காக்கிநாடா. 1964-இல் அங்குள்ள சிறுதொழில் நடத்துவோருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. மரபு வழிப்பட்ட நம்பிக்கைகளோ சாதியோ பயிற்சியின் பயனுக்குத் தடையாக இருக்கவில்லை என்பது ஆய்வின் ஒரு முடிவு. தம் தொழிலில் தாமே முடிவெடுக்கும் நிலையில் இருந்தோரிடமே பயன் தெளிவாகப் புலப்பட்டது என்பது மற்றொன்று. முதல் முடிவையே பலரும் எடுத்துக்கூறுகின்றனர். நம் நோக்கில் இரண்டாவதே முதன்மையானது. ஊக்கம் மட்டும் போதாது; கையில் உரிமை வேண்டும்.

செராம்பூர்

நம்மில் பலர் பெற்றுள்ள இறையியற் பட்டம் செராம்பூரின் பெயரால் வழங்கப்படுவது. அப்பெயரைப் பட்டச் சான்றிதழில் காணும் நாம், அஃது ஒரு தொழிற்கூடத்தின் பெயராகவும் இருந்தது என்பதை மறந்துவிட்டோம். வில்லியம் கேரி, யோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய மூவரும் 1818-இல் செராம்பூர்க் கல்லூரியை நிறுவினர். டென்மார்க்கு மன்னர் ஆறாம் பிரெடரிக் 1827-இல் அளித்த பட்டயத்தால் அது பட்டமளிக்கும் உரிமை பெற்றது. இந்திய நாட்டில் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்று சொல்லத்தக்க முதல் நிறுவனம் இதுவே எனலாம். ஆங்கே தொழில்முனைவு ஒரு பாடமாக இருந்ததில்லை. நிறுவனமே தொழில்முனைவின் மேல் நின்றது.

மூவரும் பொதுப்பணப்பை வைத்து வாழ்ந்தனர். கேரி 1801 முதல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் பெற்ற ஊதியம், மார்ஷ்மன் தம்பதியர் நடத்திய விடுதிப் பள்ளியின் வருவாய், வார்டு நடத்திய அச்சகத்தின் வருவாய் ஆகிய அனைத்தும் அப்பையில் சேர்ந்தன. ஒவ்வொரு குடும்பமும் சிறு தொகையையே செலவுக்கு எடுத்துக்கொண்டது. அச்சகத்துக்கு வேண்டிய எழுத்துகளை வங்கக் கொல்லர் மரபில் வந்த பஞ்சானன் கர்மகாரும் அவர் மருமகன் மனோகரும் வெட்டி வார்த்தனர். கீழைமொழிகள் பலவற்றுக்கும் அங்கே அச்செழுத்து உருவாயிற்று. 1812 மார்ச்சு 11-இல் அச்சகம் தீக்கிரையானது. ஆயினும் எழுத்து வார்க்கும் அச்சுகள் சாம்பலுக்கடியிலிருந்து மீட்கப்பட்டன. சில மாதங்களில் வேலை மீண்டும் நடந்தது.

காகித ஆலையின் வரலாறு தனியே கூறத்தக்கது. அந்நாளைய உள்நாட்டுக் காகிதத்தைப் பூச்சி அரித்தது. ஆகவே அரிக்கப்படாத காகிதத்தைத் தாமே செய்ய முற்பட்டனர். ஆலையின் சக்கரத்தை முதலில் மனிதர் மிதித்தே சுழற்றினர். மிதித்தவர்களுள் ஒருவர் விபத்தில் இறந்தார். அம்மரணத்தின் பின்னரே இங்கிலாந்தின் போல்ட்டன் நகரிலிருந்து பன்னிரண்டு குதிரைத்திறன் கொண்ட நீராவி இயந்திரம் தருவிக்கப்பட்டு 1820-இல் இயங்கலாயிற்று. இந்திய மண்ணில் தொழிலுக்குப் பயன்பட்ட முதல் நீராவி இயந்திரங்களுள் ஒன்றென அதனைப் புகழ்வர். புத்தாக்க வரலாறு எழுதுவோர் இயந்திரத்தின் திறனைக் குறித்து வைத்தனர். சக்கரத்தில் மாண்டவரின் பெயர் நமக்கு எட்டவில்லை. இவ்வொரு நிகழ்ச்சியை மட்டும் ஒரு பருவம் முழுவதும் தொழில்முனைவு வகுப்பில் ஆராயலாம் என்பது என் கருத்து. உழைப்பவரின் உயிருக்கு ஊறு நேர்ந்தமையால் உண்டான புதுமைக்கும், உழைப்பவரைக் குறைத்து இலாபத்தைப் பெருக்குவதற்காக உண்டாகும் புதுமைக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கேடு காட்டாது. இரண்டிலும் இயந்திரம் ஒன்றே.

செராம்பூரின் துன்பமும் பாடத்துக்கு உரியதே. முதலாவது, உடைமை யாருடையது என்னும் வழக்கு. மூவரின் உழைப்பால் உண்டான நிலமும் கட்டடமும் அவர்களை அனுப்பிய சங்கத்துக்கு உரியனவா, அவர்களுக்கே உரியனவா என்னும் பூசல் பல்லாண்டு நீடித்து, 1827-இல் பிரிவினையில் முடிந்தது. இரண்டாவது, கல்கத்தா வணிக நிறுவனங்களின் வீழ்ச்சி. அவற்றுள் பெரிதாகிய பாமர் கம்பெனி 1830-இல் முறிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏனையவும் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. அவற்றை நம்பி வைக்கப்பட்டிருந்த செராம்பூரின் பணமும் கரைந்தது. முப்பது ஆண்டுச் சிக்கனத்தைப் பிறருடைய சூதாட்டம் விழுங்கிற்று.

செராம்பூர் அச்சகத்தில் எழுத்துக் கோத்த தொழிலாளருள் கங்காகிசோர் பட்டாச்சார்யா என்பார் ஒருவர். அவர் ஆங்கிருந்து வெளியேறிக் கல்கத்தா சென்றார். 1816-இல் படங்களுடன் கூடிய வங்க நூலொன்றைத் தாமே பதிப்பித்து விற்றார். பின்னர்ச் சொந்த அச்சகமும் செய்தித்தாளும் தொடங்கினார். வங்காளிகளுள் முதல் பதிப்பாளர் என்று அவரை வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். அவர் கிறிஸ்தவராகவில்லை, மிஷன் அறிக்கைகள் அவரைத் தம் கனி என்று எண்ணியதுமில்லை. ஆயினும் செராம்பூரின் தொழில்முனைவுக் கல்விக்குச் சான்று தேடுவோமாயின், இவரைவிடச் சிறந்த மாணாக்கரைக் காட்ட இயலாது. கூலிக்கு எழுத்துக் கோத்தவர் தமக்கென்று எழுத்துக் கோக்கலானார் அல்லவா!

ஓடும் தேனும்

தென்னாட்டில் பாசல் மிஷன் இத்துறையில் முன்னோடி. மங்களூரிலும் மலையாளக் கரையிலும் நெசவாலைகளை நிறுவியது. 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்றும் காணும் மங்களூர் ஓட்டின் பிறப்பு அதுவே. சாதிக்கட்டை விட்டு வந்தமையால் பிழைப்பிழந்த விசுவாசிகளுக்கு வேலை கொடுத்தது பெரிய தொண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேய்ப்பனாய் நின்ற மிஷனே திங்கட்கிழமை முதலாளியாயும் நின்றது. சபையும் ஆலையும் ஒரே கையில் இருந்தமையால், கூலி கேட்பது விசுவாசக் குறைவுபோல் ஆயிற்று. முதல் உலகப் போரின்போது இவ்வாலைகள் எதிரி நாட்டார் உடைமை எனக் கொள்ளப்பட்டு மிஷனின் கையை விட்டுப் போயின. பின்னர் காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் ஆங்கில நிறுவனத்திடம் சேர்ந்தன. உடைமை ஐரோப்பாவில் கை மாறியபோது, இங்கே ஓடு சுட்டவரை யாரும் கலந்துகொள்ளவில்லை.

இதற்கு மாறான வழியைக் கண்டவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால் (1876–1931). தருமபுரி மாவட்டம் 1965-இல்தான் சேலத்தினின்று பிரிந்தது. ஆகையால் தீர்த்தமலையார் அவரைத் தம் மாவட்டத்தார் என்று உரிமை கொண்டாடுவதில் தவறில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற இவர், ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளரானார். கிராமத்துக் கிறிஸ்தவரை நெருங்கிக் கண்டபோது, அவர்கள் முயற்சியின்மையால் வறியவராகவில்லை, வட்டியால் வறியவராயினர் என்பதை உணர்ந்தார். எனவே அவர் தொடங்கிய கிராமச் சீரமைப்புப் பணியின் முதல் கருவி கூட்டுறவுக் கடன் சங்கமாக அமைந்தது. புதிய விதை, புதிய கைத்தொழில் எல்லாம் அதன் பின்னரே. கடன் நீங்காத கையில் கொடுக்கும் எந்தப் புதுமையும் கடன் கொடுத்தவரின் இலாபமாகவே முடியும் என்பதை அவர் நூலில் கற்கவில்லை, ஊரில் கற்றார்.

இப்பணியின் வழியில் வந்ததே 1920-களில் டி. ஸ்பென்சர் ஹாச் என்னும் அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் நடத்திய கிராம மையம். கோழி, தேனீ, பனைவெல்லம், நெசவு எனச் சிறு தொழில்கள் அங்கே கற்பிக்கப்பட்டன. தேனீ வளர்ப்பு அவற்றுள் வேரூன்றியது. அதற்கும் முன்னரே, திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியைச் சார்ந்த நியூட்டன் என்னும் இயேசு சபைக் குரு, நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியொன்றை வகுத்து, 1911 முதல் சில ஆண்டுகள் மக்களுக்குப் பயிற்சியும் தந்திருந்தார். நியூட்டன் பெட்டி என்று தேனீ வளர்ப்போர் வழங்கும் பெயர் அவரால் வந்தது. ஐரோப்பியத் தேனீக்கு அமைந்த பெரிய பெட்டியில் நம் நாட்டுத் தேனீ தங்காது, குடி பெயர்ந்துவிடும். ஈயின் அளவை அறிந்து பெட்டியின் அளவைக் குறைத்ததே அவருடைய புத்தாக்கம். விலையும் குறைந்தது, ஏழை ஒருவர் ஒரு பெட்டியோடு தொடங்கலாயிற்று. பெட்டி உழவருடையது, தேன் உழவருடையது; விற்பதற்குக் கூட்டுறவுச் சங்கம். மிஷனரிகள் போய்ப் பல்லாண்டு கழிந்தபின், 1990-களின் தொடக்கத்தில் ஒரு நச்சுயிரி நோய் தென்னாட்டுத் தேனீக் குடிகளைப் பெருமளவில் அழித்தது. அதனையும் கடந்து குமரி மாவட்டத்தில் அத்தொழில் நிலைத்தது. மார்த்தாண்டம் தேன் 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

பாசல் ஓட்டையும் மார்த்தாண்டத் தேனையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் நாம் கேட்க வேண்டிய வினா தெளிவாகின்றது. இரண்டும் சிறந்த பொருள்களே. இரண்டிலும் புதிய முறையும் புதிய சந்தையும் இருந்தன. வேறுபாடு சும்பீட்டர் சொன்ன ஐந்தாம் இனத்தில், அதாவது தொழிலின் அமைப்பில் உள்ளது.

உயர்கல்வி நிலையங்களுக்கு இச்செய்தி எட்டாமல் இல்லை. ஆக்ஸ்போர்டின் ஏ. டி. லின்ட்சே தலைமையில் இந்தியக் கிறிஸ்தவ உயர்கல்வியை ஆராய்ந்த குழு 1931-இல் அறிக்கை தந்தது. கல்லூரிகள் தம்மைச் சூழ்ந்த மக்களின் வாழ்க்கைச் சிக்கல்களை ஆராய்ந்து, அவ்வறிவை மக்களிடம் கொண்டு செல்ல வேண்டும் என்பது அதன் முதன்மையான பரிந்துரைகளுள் ஒன்று. அறிக்கை நம் நூலகங்களில் உள்ளது.

அரூர் வட்டாரத்தில்

மீண்டும் தீர்த்தமலைப் பக்கம் வருவோம். இவ்வட்டாரத்து மரவள்ளியைப் பெரும்பாலும் வாங்குவன ஜவ்வரிசி ஆலைகள். இத்தொழில் சேலத்தில் தோன்றிய கதை எந்தப் பாடநூலுக்கும் ஏற்றது. இரண்டாம் உலகப் போரால் கீழை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. வணிகத்தின் பொருட்டுக் கேரளம் சென்று வந்த சேலம் மாணிக்கம் செட்டியார், மலேயாவின் பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷா என்பாரிடம் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முறையைக் கேட்டறிந்து, 1943-இல் எளிய கருவிகளைக் கொண்டு தொடங்கினார். சும்பீட்டரின் ஐந்தில் குறைந்தது மூன்றேனும் இங்கே உண்டு. பட்டம் ஒன்றும் இல்லை. பின்னாளில் வணிகரிடம் சிக்கிய ஆலைக்காரர் விடுபடும் பொருட்டு 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் என்னும் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தனர். அச்சங்கத்தின் உறுப்பினர் ஆலை உரிமையாளர். கிழங்கு விளைவிப்பவர் அல்லர். உரிமை ஆலை வாயில்வரை வந்து நின்றுவிட்டது. கிழங்கு விலை சரியும் ஆண்டில் தீர்த்தமலைப் பக்கத்து உழவர் அதனை உணர்வார்.

இதே அரூர்ப் பகுதியில், கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடையே சித்திலிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. மருத்துவர்களாகிய ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் தம்பதியர் 1993-இல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவப் பணி தொடங்கினர். இது திருச்சபை நிறுவனம் அன்று. பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றினர். நோய்க்கு வேர் வறுமையிலும் நிலத்திலும் இருப்பதைக் கண்டபின், உழவர் இயற்கை வேளாண்மைச் சங்கமாகக் கூடுவதற்குத் துணைநின்றனர். சாமையும் கேழ்வரகும் அங்கேயே பதப்படுத்தப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. லம்பாடித் தாண்டாக்களில் தையற்பூ வேலை இரு தலைமுறையாய் மறைந்து, முதிய பெண்கள் சிலரின் நினைவில் மட்டும் இருந்தது. அதனை இளைய பெண்கள் கற்று, 2006 முதல் போர்கை என்னும் அமைப்பாக நடத்துகின்றனர். லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்பது பொருள். வேலை தேடி வெளியூர் செல்ல நேர்ந்த பெண்கள் பலர், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தைக்கின்றனர். புதுமை என்பது எப்போதும் இதுவரை இல்லாத ஒன்றன்று. மறந்த ஒன்றை உரியவரின் கையில் மீண்டும் வைப்பதும் புதுமையே என்பதற்கு இதைவிட அண்மையான சான்று தீர்த்தமலையாருக்குக் கிடைக்காது. தொழில்முனைவு கற்பிக்கும் நம் கல்லூரிகள் கலிபோர்னியத்துக் கதைகளை எடுத்துரைக்கும் நேரத்தில் ஒரு பகுதியைச் சித்திலிங்கிக்கு ஒதுக்கினால் குறைவொன்றும் வராது.

பாடத்தில் வேண்டியவை

தாலந்து உவமையைப் (மத்தேயு 25) பற்றிச் சிறிது சொல்லாமல் இப்பொருளை விட முடியாது. ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் வெள்ளிக்காசு. நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக்காசு கூலி என்று முந்தைய திராட்சைத் தோட்ட உவமையால் (மத்தேயு 20) அறிகின்றோம். எனவே ஒரு தாலந்தைப் பெற்றவனும் இருபதாண்டுக் கூலியைக் கையில் பெற்றவனே. அம்மூவருள் எவனும் கடன் வாங்கவில்லை. எவனும் தன் தாயின் நகையை அடகு வைக்கவில்லை. முதல் எஜமானுடையது. இவ்வுவமையை ஏழை மாணவருக்கு ஊக்கவுரையாக எடுத்தாளுவோர் இதனை எண்ணுவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஹெர்சாக் 1994-இல் வெளியிட்ட நூலில், விதைக்காமல் அறுக்கும் எஜமானை அம்பலப்படுத்திய மூன்றாம் ஊழியனே உவமையின் நாயகன் என்று வாதித்தார். மத்தேயு அதனை வைத்துள்ள இடத்தை நோக்க, இவ்விளக்கத்தை முழுமையாய் ஏற்பது எனக்குக் கடினமே. ஆயினும் அவ்வினாவைக் கேட்டறியாத வகுப்பு அரைகுறை வகுப்பு.

தொழில்முனைவுப் பாடத்துக்கு இன்னும் பொருத்தமான பகுதி நெகேமியா ஐந்தாம் அதிகாரம் என்பேன். பஞ்சத்திலும் வரியிலும் சிக்கிய மக்கள் நிலத்தை ஈடுவைத்து, பிள்ளைகளையும் அடிமைப்படுத்த நேர்ந்ததைக் கூறி முறையிடுகின்றனர். நெகேமியா பிரபுக்களைக் கடிந்துகொள்கின்றார். அத்துடன் தாமும் தம் சகோதரரும் பணமும் தானியமும் கடனாகக் கொடுத்திருப்பதை மறைக்காமல் சொல்கின்றார். கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் தன்னை வைத்துப் பார்க்க வேண்டிய இடம் இது. மாணவி வாங்கிய கல்விக்கடன் கட்டணமாக வந்து சேர்வது பல்கலைக்கழகத்திடமே. அவளுடைய முதல் கடனுக்குக் காரணமான நிறுவனமே, கடனின்றித் தொழில் தொடங்குவது எப்படி என்று அவளுக்குக் கற்பிக்கின்றது.

ஆகவே, கணக்குப் பதிவியலும் சந்தை ஆய்வும் இருக்கும் பாடத்திட்டத்தில் கடன் பற்றிய பாடமும் இருத்தல் வேண்டும். மீட்டர் வட்டிக்கும் வங்கி வட்டிக்கும் உள்ள வேறுபாடு, பிணையம் நிற்பதன் சட்டப் பொருள், கூட்டுறவுச் சங்கத்தையும் உற்பத்தியாளர் நிறுமத்தையும் பதிவு செய்யும் முறை ஆகியவை தேர்வுக்கு உரியனவாக வேண்டும். உழவர்களே பங்குதாரராக அமையும் உற்பத்தியாளர் நிறுமத்துக்கு நிறுமச் சட்டம் 2003 முதல் இடமளித்துள்ளது. கல்லூரியின் தொழில் வளர்ப்பகத்தில் ஒரு முயற்சி தோற்றால், அதன் இழப்பில் கல்லூரியும் பங்கேற்கும் ஏற்பாடு வேண்டும். வென்றால் பங்கு கேட்கும் வளர்ப்பகங்கள் உண்டு. தோல்வியில் பங்கு கேட்பதைக் காண்பது அரிது. செராம்பூரின் பொதுப்பணப்பையை அப்படியே மீண்டும் கொண்டுவர யாராலும் இயலாது. முன்னாள் மாணவரின் காணிக்கையால் ஒரு சிறு இழப்பீட்டு நிதியை உண்டாக்குவது இயலும்.

செய்முறைப் பாடம் ஒன்றையும் கூறலாம். முதலாண்டு விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் தெருவின் பேரேட்டை எழுதட்டும். எந்த வீடு எதனை விளைவிக்கின்றது, யாரிடம் விற்கின்றது, என்ன விலைக்கு, யாரிடம் எவ்வளவு கடன், என்ன வட்டி, புளி தட்டுவதற்குக் கூலி எவ்வளவு, அடகுக் கடைக்குப் போன நகை மீண்டதா என்பனவெல்லாம் அதில் இருக்கட்டும். வீட்டாரின் பெயர்களை எழுத வேண்டா, எண்ணிட்டால் போதும். இரண்டாமாண்டில் எந்தத் தொழில் திட்டத்தை வரைந்தாலும், அத்தெருவின் எந்த எண்ணுள்ள வீட்டுக்கு அதில் உரிமைப் பங்கு உண்டு என்று குறிப்பிட வேண்டும். மலையடியில் தேங்காயும் கற்பூரமும் விற்கும் கடைக்காரரும் அப்பேரேட்டில் இடம்பெறுவார். திட்டத்தை மதிப்பிடும் குழுவில் வங்கி அலுவலரும் தொழிலதிபரும் அமர்வது இப்போதைய வழக்கம். அவர்களோடு அத்தெருவைச் சேர்ந்த ஒருவரும், கடன் சங்கத்தின் செயலாளர் ஒருவரும், இயலுமாயின் அவ்வட்டாரத்து ஆயரும் அமரலாம். அத்தகைய குழுவில் அமரும் ஆயர் வட்டிக்கணக்கு அறிந்தவராய் இருக்க வேண்டும். அதற்கு நம் இறையியற் கல்லூரிகளில் இப்போது ஒரு மணி நேரமும் ஒதுக்கப்படவில்லை.